வரைபடம் இல்லாமல் பிறந்த வண்டி: பிஎம்டபிள்யூ ஆர் 24

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர் வண்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து இரண்டு எண்களைப் பார்ப்பார். ஒன்று சேசிஸில் அடித்த எண், இன்னொன்று என்ஜின் கேஸில் அடித்த எண். போருக்குப் பிந்தைய பிஎம்டபிள்யூ வண்டிகளில் இந்த இரண்டும் ஒத்துப்போனால் விலை ஒரு மாதிரி, ஒத்துப்போகாவிட்டால் வேறு மாதிரி. இரும்பு அதே இரும்பு, ஓட்டமும் அதே ஓட்டம்தான். ஆறு இலக்கம் மட்டும் மாறியதற்காக ஆயிரக்கணக்கில் யூரோ குறையும்.

இது என்ன கிறுக்குத்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வேலை விஷயமாக ஒன்றரை வருஷம் மியூனிக்கில் இருந்தபோது, நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ரிட்டயர்டு டூல்மேக்கர். அவருடைய கராஜில் கருப்பு பெயின்டும் வெள்ளைக் கோடுமாக ஒரு வண்டி நின்றது. பிஎம்டபிள்யூ ஆர் 24. சனிக்கிழமைகளில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போய், அந்த வண்டியின் கதைக்குள் விழுந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் தேடிப் படிப்பது நிற்கவில்லை. இந்தக் குறிப்பு அதன் விளைவு.

முதலில் 1945-க்குப் போகணும்.

போர் முடிந்தபோது மியூனிக்கில் பிஎம்டபிள்யூ என்று சொல்லிக்கொள்ள பெரிதாக எதுவும் மிச்சமில்லை. போர்க்காலத்தில் மியூனிக் ஆலைகள் விமான என்ஜினுக்காக ஒதுக்கப்பட்டன. அதனால் 1942-இல் மோட்டார் சைக்கிள் தயாரிப்பை மூட்டை கட்டி, கம்பெனியின் கார் ஆலை இருந்த ஐசனாக் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷின்கள், டூலிங், வரைபடங்கள் எல்லாம் அங்கே போயின. ஐசனாக்கை 1945 ஏப்ரலில் பிடித்தது அமெரிக்கப் படை. ஆனால் ஜூலையில், நேச நாடுகளின் பங்கீட்டுப்படி அந்தப் பகுதி சோவியத் கைக்கு மாறியது. அத்தோடு பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் மூளை முழுக்க எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

இந்தப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மில்பர்ட்ஸ்ஹோஃபன் ஆலையைக் கழற்றி எடுக்கச் சொல்லி 1945 அக்டோபரில் அமெரிக்க ராணுவ நிர்வாகம் உத்தரவு போட்டது. மெஷின்கள் இழப்பீடாகப் பல நாடுகளுக்குக் கப்பலேறின. அலாக் ஆலை அமெரிக்க ராணுவ லாரிகளை ரிப்பேர் செய்யும் இடமானது. மில்பர்ட்ஸ்ஹோஃபனில் மிஞ்சியவர்கள் கிடைத்த அலுமினியத்தில் சமையல் பாத்திரம் செய்தார்கள், சைக்கிள் செய்தார்கள், விவசாயக் கருவி செய்தார்கள். 1939-இல் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தின் சீனியர் பிரிவை ஜெயித்த கம்பெனி இது. ஆறேழு வருஷத்தில் சட்டி பானைக்கு வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் செய்ய அனுமதியும் சும்மா கிடைக்கவில்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகம் முதலில் 60 சிசி வரைதான் என்றது. பிறகு 250 சிசி என்று உயர்த்தியது. பிஎம்டபிள்யூவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே 500, 600, 750 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகள். அவற்றைத் தொட முடியாது. 250-க்குள் அவர்கள் கடைசியாகச் செய்தது, 1938 முதல் 1940 வரை வந்த ஆர் 23. 247 சிசி, ஒற்றை சிலிண்டர், 10 குதிரைத்திறன், மூன்று கியர். சரி, அதையே மறுபடி செய்யலாம் என்றால் வரைபடம்? ஐசனாக்கில்.

அடுத்து அவர்கள் செய்ததைப் படித்தபோது சாஃப்ட்வேர்காரனான எனக்குச் சிரிப்பும் பரிதாபமும் ஒன்றாக வந்தது. ஓடிக்கொண்டிருந்த பழைய ஆர் 23 ஒன்றைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமாக அளந்து, தாங்களே டிசைன் செய்த வண்டிக்குத் தாங்களே புதிதாக வரைபடம் போட்டார்கள். சோர்ஸ் கோடு தொலைந்துபோய், கஸ்டமர் மெஷினில் ஓடும் எக்ஸிக்யூட்டபிளை வைத்துத் தன் புரோகிராமைத் தானே ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணுகிற மாதிரி. அப்படி ஒரு வேலையை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். ஒரு பேமென்ட் மாட்யூல், எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், சர்வரும் போய்விட்டது. மூன்று மாதம் தூங்கவில்லை. ஆனால் எனக்கு மூன்று வேளை சாப்பாடு இருந்தது, தலைக்கு மேல் கூரை இருந்தது. இவர்களுக்கு இரண்டுமே உத்தரவாதமில்லை.

அளந்ததை அப்படியே காப்பியடிக்கவும் இல்லை. டிசைனர் ஆல்ஃப்ரெட் போனிங்கும் அவர் குழுவும் அளந்துகொண்டே திருத்தினார்கள். சிலிண்டர் ஹெட்டுக்கு, போர்க்கால ராணுவ வண்டியான ஆர் 75-இன் அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். வால்வுகளுக்கு மேலே ஒன்றுக்குப் பதில் இரண்டு தனித்தனி மூடிகள் தெரிவது அதனால்தான். இக்னிஷன் டைமிங்கைக் கையால் திருப்பும் வேலை போய், வேகத்துக்கு ஏற்ப அதுவே மாறிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. மூன்று கியர் நான்கானது, 10 குதிரைத்திறன் 12 ஆனது. ஆக, இது மறுபதிப்பு மாதிரி தெரிந்தாலும் திருத்திய பதிப்பு.

1948 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வைத்தார்கள். ஆர்டர் குவிந்தது, ஆனால் கொடுக்க வண்டி இல்லை. இரும்பு, ரப்பர், பேரிங் எதற்கும் தட்டுப்பாடு. ஜூன் 1948-இல் நாணயச் சீர்திருத்தம் வந்து புது மார்க் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் கடைகளில் பொருளே கண்ணில் பட்டது. முதல் ஆர் 24-கள் ஆலையை விட்டு வெளியே வந்தது 1948 டிசம்பரில். விலை 1,750 மார்க். 1949-இல் மேற்கு ஜெர்மனியில் சராசரி ஆண்டுச் சம்பளம் 2,800 மார்க் சொச்சம். கணக்குப் போட்டால் ஏழு மாதச் சம்பளத்துக்கும் மேல். அப்படியிருந்தும் 1949-இல் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் விற்றது. 1950-இல் நிறுத்தும்வரை மொத்தம் 12,020 வண்டிகள்.

இப்போ வண்டியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

நம்மூர் புல்லட்டில் பழகிய கண்ணுக்கு இது விநோதமாக இருக்கும். புல்லட்டில் கிராங்க் ஷாஃப்ட் வண்டிக்குக் குறுக்கே கிடக்கும். பின் சக்கரத்துக்கு செயின் போகும், கிக்கரை முன்னிருந்து பின்னுக்கு உதைப்போம். ஆர் 24-இல் கிராங்க் ஷாஃப்ட் காரில் இருப்பதுபோல வண்டியின் நீளவாக்கில் இருக்கிறது. அதனால் கிளட்சும் கார் கிளட்ச் மாதிரி ஒற்றைத் தகடு. கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் ஒரு ஷாஃப்ட். கியர்பாக்ஸ் முனையில் ஒரு ரப்பர் தட்டு, ஒற்றை சிலிண்டரின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். கிக்கரோ பக்கவாட்டில் விரிகிறது. வண்டியில் உட்கார்ந்தபடி உதைக்க முடியாது. ஸ்டாண்டு போட்டு, இடப்பக்கம் இறங்கி நின்று, வண்டியை விட்டு விலகும் திசையில் மிதிக்கணும். முதல் தடவை நான் மிதித்தபோது பெரியவர் வண்டியைப் பிடிப்பதா என்னைப் பிடிப்பதா என்று தடுமாறியது நினைவிருக்கிறது.

முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் உண்டு. பின்னால் சஸ்பென்ஷனே கிடையாது. சக்கரம் நேராகச் சேசிஸில். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்தான் முதுகெலும்புக்குக் காவல். சேசிஸ் குழாய்களை வெல்டு வைக்காமல் போல்ட் போட்டு இணைத்திருக்கிறார்கள். சுமார் 130 கிலோ, உச்ச வேகம் 95 கிலோமீட்டர். அடுத்து 1950-இல் வந்த ஆர் 25-இல் சேசிஸை வெல்டு செய்து, பின்னால் பிளஞ்சர் சஸ்பென்ஷன் வைத்துவிட்டார்கள். அதனால் தூரத்திலிருந்தே ஆர் 24-ஐ அடையாளம் காண ஒரே வழி, பின் சக்கர அச்சைப் பாருங்கள். அங்கே மேலும் கீழும் ஸ்பிரிங் குழாய் இல்லையென்றால் ஆர் 24. அல்லது போருக்கு முந்தைய அண்ணன் ஆர் 23. இரண்டு வால்வு மூடி பார்த்து அதையும் பிரித்துவிடலாம்.

சேகரிப்பாளர்கள் கணக்கில் ஆர் 24 மகா அபூர்வம் ஒன்றும் இல்லை. உச்சியில் இருப்பது 1952 முதல் 1954 வரை வந்த ஆர் 68. 594 சிசி, 35 குதிரைத்திறன், மணிக்கு நூறு மைல் போகும் என்று விளம்பரம் செய்தார்கள். செய்தது 1,452 வண்டிகள்தான். அதன் விலையைக் கேட்டால் சென்னையில் ஃப்ளாட் ஞாபகம் வரும். விலை அப்படி ஏறிவிட்டால் போலியும் கூடவே வரும். அதே காலத்து ஆர் 67 என்ஜினில் ஆர் 68-இன் ஹெட்டும் கார்புரேட்டரும் மாட்டி, பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புது எண் அடித்துவிடும் வேலை அந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் வாங்குகிறவர்கள் லென்ஸ் வைத்து எண்ணைப் பார்க்கிறார்கள். எண் அடித்த இடத்தின் மேற்பரப்பு சுற்றியிருக்கும் வார்ப்பு போலவே இருக்கிறதா, அரத்தால் தேய்த்த மினுக்கம் தெரிகிறதா, இலக்கங்களின் வடிவம் அந்தக் கால ஆலைப் பஞ்சோடு ஒத்துப்போகிறதா, ஆழம் சீராக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் கம்பெனியின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். எந்தத் தேதியில், எந்த டீலருக்கு அந்த எண் போனது என்று எழுதிக் கொடுப்பார்கள்.

ஆர் 24-ஐ வாங்குகிறவர் வேறு காரணத்துக்காக வாங்குகிறார். அபூர்வம் என்பதைவிட, தொடக்கம் என்பது. மியூனிக்கில் போருக்குப் பிறகு பிஎம்டபிள்யூ செய்த முதல் வண்டி அதுதான்.

'மியூனிக்கில்' என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கு. மோட்டார் சைக்கிளை முதலில் மறுபடி செய்யத் தொடங்கியது மியூனிக் இல்லை, ஐசனாக். சோவியத் நிர்வாகத்தின் கீழ் 1945-லேயே அங்கே ஆர் 35 வண்டியை மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 342 சிசி, ஒற்றை சிலிண்டர், 14 குதிரைத்திறன். பழைய மெஷின், பழைய வரைபடம், பழைய தொழிலாளிகள், டேங்கில் அதே நீல வெள்ளை வட்டம். மியூனிக்காரர்கள் ஸ்கேலும் காலிப்பரும் வைத்து அளந்துகொண்டிருந்தபோது, ஐசனாக்கில் வண்டிகள் ஆலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தன.

அப்போ எது அசல் பிஎம்டபிள்யூ? பேரும் கம்பெனிப் பதிவும் கையில் இருந்து, வரைபடம் இல்லாதவர்களுடையதா? வரைபடமும் ஆலையும் இருந்து, சட்டப்படி பேர் இல்லாதவர்களுடையதா? எங்கள் தொழிலில் ஒரு புராஜெக்ட் இரண்டாகப் பிரிந்தால் ரெப்பாசிட்டரி யாரிடம், டிரேட்மார்க் யாரிடம் என்று ஒரு சண்டை வரும். இது அதே சண்டை. வழக்கு நடந்தது, மியூனிக் ஜெயித்தது. 1952-இல் ஐசனாக் ஆலை தன் பேரை இஎம்டபிள்யூ என்று மாற்றிக்கொண்டது. வட்டத்தில் நீலம் இருந்த இடத்தில் சிவப்பு வந்தது. 1955 வரை அங்கே ஆர் 35 செய்தார்கள், போருக்குப் பிந்தைய மொத்தம் சுமார் எண்பதாயிரம்.

நீதிமன்றத்தில் தீர்ந்த இந்த விஷயம் பழைய வண்டிச் சந்தையில் இன்னும் தீரவில்லை. 1952-க்கு முந்தைய ஐசனாக் ஆர் 35-இல் நீல வெள்ளைச் சின்னம் இருப்பது சரிதான், ஆலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. அதற்குப் பிந்தைய வண்டியில் சிவப்பைக் கழற்றிவிட்டு நீலத்தை மாட்டி விற்பது சரியில்லை. என்னைக் கேட்டால் சிவப்பு வட்டம் உள்ள இஎம்டபிள்யூதான் இரண்டில் சுவாரஸ்யமானது. ஒரு நாடு இரண்டானதை அந்த ஒரு சின்னம் சொல்லிவிடுகிறது. ஆனால் சந்தை என்னைக் கேட்பதில்லை.

பெரியவர் வண்டிக்கு வருகிறேன்.

அந்த வண்டியை 1950-இல் புதிதாக வாங்கியவர் அவருடைய அப்பா. முழங்கால் போய்விட்டது, பக்கவாட்டுக் கிக்கரை இனி மிதிக்க முடியாது, விற்றுவிடலாம் என்று 2017-இல் முடிவு செய்தார். விற்பதற்கு முன் காப்பகத்துக்கு எழுதிப்போட்டார். பதில் வந்தது. சேசிஸ் எண் சரி, தேதியும் டீலரும் சரி. ஆனால் என்ஜின் எண் வேறொரு ஆர் 24-உடையது. ஒரு வருஷம் முன்னால், 1949-இல், வேறொரு ஊருக்குப் போன வண்டி.

அந்தக் கடிதத்தோடு அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். "இலக்கம்தானே, பஞ்ச் வெச்சு மாத்தி அடிச்சா யாருக்குத் தெரியும்? நீங்களே டூல்மேக்கர், உங்களைவிட நல்லா யார் அடிப்பாங்க?" என்றேன். பாதி விளையாட்டுக்குத்தான். பாதி விளையாட்டு இல்லை.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பழைய ஃபைலைக் கொண்டுவந்தார். 1957 கோடை, ஒரு ஒர்க்‌ஷாப் பில். கனெக்டிங் ராடு உடைந்து என்ஜின் கேஸ் பிளந்துபோய், விபத்தில் அடிபட்ட இன்னொரு வண்டியின் என்ஜினை மாற்றியதற்கான பில். "சால்ஸ்பர்க் போற ரோட்டுல. பின்னாடி ரப்பர் சீட்டுல நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயசு. ஏதோ சுத்தியலால அடிச்ச மாதிரி சத்தம். அப்பா வண்டியை ஓரம் கட்டிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் ரெண்டு பேரும் தள்ளிக்கிட்டே போனோம்" என்றார். அப்பா அந்த என்ஜினுக்காக மூன்று தவணை கட்டியிருக்கிறார். மூன்று ரசீதும் ஃபைலில் இருந்தன. என்ஜின் மாற்றிய விஷயமே அவருக்கு மறந்துபோயிருந்ததாம். எண்ணைப் பார்த்த பிறகுதான் அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் 30 வருஷம் தாண்டிய, அசல் நிலையில் பராமரித்த வண்டிகளுக்கு 1997 முதல் தனி நம்பர் பிளேட் உண்டு. எண்ணின் கடைசியில் எச் எழுத்து இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு வருஷ வரி 46 யூரோ சொச்சம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிளேட் வாங்க ஒரு நிபுணர் பரிசோதித்து இது 'அசல்' என்று எழுதித் தரணும். அவர்களுடைய விதியில் அசல் என்றால் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கணும் என்று இல்லை. முதல் பதிவிலிருந்து பத்து வருஷத்துக்குள் செய்த மாற்றம், அல்லது அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடிய மாற்றம், அந்தக் காலத்துக்கு உரியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். 1950 வண்டியில் 1957-இல் மாற்றிய என்ஜின், அதுவும் அதே மாடல் என்ஜின். சட்டத்துக்குப் பூரண திருப்தி. சந்தைக்குத்தான் இல்லை.

எனக்கு அந்த விதியில் நல்ல அறிவு தெரிகிறது. வண்டி ஓடுவதற்காகச் செய்தது. ஓடினால் தேயும், உடையும், மாற்றுவார்கள். ஏழு மாதச் சம்பளம் கொட்டி வாங்கியவன் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கணும் என்பதற்காகப் பிளந்த கேஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். சொல்லப்போனால் எழுபது வருஷத்தில் எதுவும் மாற்றாத வண்டியைப் பார்த்தால், இதை யாருமே ஓட்டவில்லையோ என்றுதான் தோன்றுகிறது. இதற்கு எதிர்வாதமும் உண்டு, அது பலமானதுதான். எண்ணுக்கு மதிப்பு கொடுக்காவிட்டால் நாளைக்கு நாலு வண்டியின் பாகங்களைக் கோர்த்து ஒரு வண்டி என்று விற்பார்கள், சரித்திரமே கலந்துபோகும். ஆர் 68 விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆக எண் வேண்டும். எண் மட்டும் போதாது, எண் ஏன் மாறியது என்கிற ரசீதும் வேண்டும்.

வண்டியைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கடிதத்தைப் படித்ததும் விலையை இறக்கினார், அது நியாயம்தான். இன்னொருவர் நல்ல விலை சொன்னார், ஒரு நிபந்தனையோடு. "என்ஜின் எண்ணை நான் சரி பண்ணிக்கிறேன், அந்தக் கடிதத்தையும் பில்லையும் நீங்க யார்கிட்டயும் காட்ட வேண்டாம்." பெரியவர் கராஜ் கதவை மூடிவிட்டு அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். போன வாரம் இதையேதான் நானும் சொன்னேன் என்று தோன்றியது, கீழே இறங்கிப் போகவில்லை.

கடைசியில் வாங்கியது மூன்றாவதாக வந்த ஒரு நடுவயது அம்மா. இறக்கிய விலைக்குத்தான். வண்டியை டிரெய்லரில் ஏற்றி பெல்ட் கட்ட நானும் கை கொடுத்தேன். ஃபைலைப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அந்த அம்மா அங்கேயே நின்று 1957 பில்லைப் படித்துவிட்டு, சால்ஸ்பர்க் ரோட்டில் எந்த இடம் என்று கேட்டார். அவர் கையை நீட்டித் தெற்கே காட்டி, சர்ச் தாண்டி ஒரு ஏற்றம் வரும், அதுக்கு முன்னாடி என்று சொல்ல ஆரம்பித்தார்.